பெங்களூரு: பாதுகாப்பு உத்தரவு கையில் இருக்கிறது, ஆனாலும் வருகிறார். ஸ்டேஷனில் என்.சி.ஆர். கொடுத்து அனுப்பிவிட்டார்கள்

பெரியவள் எழுதியது:

தங்கைக்காகக் கேட்கிறேன். இங்கே பெங்களூரில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு வாங்கியிருக்கிறாள். கணவர் எந்த வகையிலும் அவளைத் தொடர்பு கொள்ளக் கூடாது, அவளுடைய ஆபீசுக்கும் குழந்தையின் ஸ்கூலுக்கும் போகக் கூடாது என்று உத்தரவில் இருக்கிறது.

கடந்த மூன்று வாரத்தில் நடந்தவை இவை. புது நம்பரிலிருந்து வாட்ஸ்அப் வந்தது. அதை பிளாக் செய்ததும் யுபிஐயில் 1 ரூபாய் அனுப்பி, குறிப்புப் பகுதியில் "போனை எடு" என்று எழுதுகிறார். இப்படி நாலு முறை. போன ஞாயிறு இரவு அபார்ட்மெண்ட் கேட்டில் வந்து நின்று, செக்யூரிட்டியிடம் அவள் பிளாட் நம்பரைச் சொல்லி உள்ளே விடச் சொன்னார். மாமியாரும் தினம் போன் செய்கிறார்.

ஸ்டேஷனுக்குப் போனோம். "ஒரு வருஷ தண்டனை உள்ள கேஸ், நான்-காக்னிசபிள், கோர்ட்டிலேயே சொல்லிக்கோங்க" என்று என்.சி.ஆர்., அதாவது போலீஸ் தானாக விசாரிக்க முடியாத நான்-காக்னிசபிள் குற்றத்துக்கான பதிவுச் சீட்டு, போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வாய்தா இன்னும் ஐந்து வாரம் கழித்து. அதுவரை சும்மா இருக்க வேண்டியதுதானா? 1 ரூபாய் மெசேஜ் எல்லாம் மீறல் கணக்கில் வருமா? மாமியார் போன் செய்வது?

---

கோர்ட்ஹால்_ஏழு பதில்:

ஸ்டேஷனில் சொன்னது தவறு. ஆனால் அவர்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு போனால் அங்கே பேசுவது சுலபம்.

தண்டனைச் சட்டம் அல்லாத மற்ற சட்டங்களில், மூன்று வருஷத்துக்குக் குறைவான தண்டனை என்றால் நான்-காக்னிசபிள், ஜாமீனில் விடக்கூடியது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் அட்டவணையில் ஒரு பொது விதி உண்டு. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் 31-ஆவது பிரிவுதான் மீறலுக்கானது: ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஸ்டேஷனில் புகார் எழுதும் ரைட்டர் அந்த "ஒரு வருஷம்" என்ற இடத்திலேயே நிறுத்திவிட்டு என்.சி.ஆர். புத்தகத்தை எடுக்கிறார். அடுத்த பிரிவைப் படிப்பதில்லை. 32-ஆவது பிரிவு, நடைமுறைச் சட்டத்தில் என்ன இருந்தாலும் இந்தக் குற்றம் காக்னிசபிள் (போலீஸ் தானே எஃப்.ஐ.ஆர். போட்டு விசாரிக்கக்கூடியது), நான்-பெயிலபிள் (ஜாமீன் உரிமையாகக் கிடைக்காதது) என்று தனியாக எழுதிவைத்திருக்கிறது. இடைக்கால உத்தரவை மீறினாலும் இதே கதிதான். 31-இலேயே "இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு" என்ற சொல் இருக்கிறது. 2006 விதிகளில் 15-ஆவது விதி இன்னும் நேரடியாகப் பேசும்: மீறலை உடனே அந்த எல்லைக்குட்பட்ட ஸ்டேஷனில் தெரிவிக்க வேண்டும், அதைக் காக்னிசபிள் குற்றமாகவே கையாள வேண்டும்.

ஆகவே இந்த மூன்றையும், பிரிவு 31, பிரிவு 32, விதி 15, பிரிண்ட் எடுத்து மார்க்கர் போட்டுப் புகாரோடு சேர்த்துக் குத்திவிடுங்கள். ஸ்டேஷனில் நின்று வாதாடுவதைவிட இது நன்றாக வேலை செய்யும்.

புகார் ஒரு பக்கம்தான் இருக்க வேண்டும். பெரும்பாலும் இங்கேதான் சொதப்பல். கல்யாணம் எப்போது, சீர் என்ன போட்டோம், முதல் அடி எப்போது என்று ஐந்து பக்கம் எழுதினால் படிப்பவருக்கு இது "குடும்பச் சண்டை" ஆகிவிடும், கவுன்சலிங்குக்கு அனுப்புவார். அந்தக் கதையெல்லாம் ஏற்கெனவே கோர்ட்டில் இருக்கிறது. இப்போது நடந்திருப்பது கோர்ட் உத்தரவை மீறிய குற்றம், அது மட்டும் போதும். மேலே கோர்ட்டின் பெயர், வழக்கின் கிரிமினல் மிஸ் நம்பர், உத்தரவு தேதி. கீழே ஒவ்வொரு மீறலுக்கும் ஒரு பத்தி. தோராயமாக இப்படி:

"மேற்படி உத்தரவின் 2-ஆம் பத்தி, எதிர்மனுதாரர் நேரிலோ போனிலோ மின்னணு வழியிலோ என்னைத் தொடர்பு கொள்ளக் கூடாது என்கிறது. இந்த மாதம் 9-ஆம் தேதி இரவு 10.25-க்கு என் வங்கிக் கணக்குக்கு யுபிஐ வழியாக 1 ரூபாய் அனுப்பி, குறிப்பில் 'போனை எடு' என்று எழுதியுள்ளார். பரிவர்த்தனை எண் இது. ஸ்க்ரீன்ஷாட் இணைப்பு 3."

கடைசி வரியில் "31, 32 பிரிவுகளின் கீழ் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்யக் கோருகிறேன்" என்று பிரிவு எண்ணோடு கேளுங்கள். "தகுந்த நடவடிக்கை எடுக்கவும்" என்று முடித்தால் அந்தத் தகுந்த நடவடிக்கை பெரும்பாலும் முச்சலிக்கைதான். அவரைக் கூப்பிட்டு "இனி தொந்தரவு செய்ய மாட்டேன்" என்று எழுதி வாங்கிவிட்டு பைலை மூடிவிடுவார்கள். கோர்ட் உத்தரவுக்கே அடங்காதவர் ஸ்டேஷன் முச்சலிக்கைக்கு எங்கே அடங்கப் போகிறார்? "சமாதானமாகப் போகிறோம்" என்ற தாளில் தங்கை கையெழுத்துப் போடவே கூடாது. நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் நீட்டுவது அதைத்தான்.

இன்னொன்று. நம்ம ஊர் பழக்கத்தில் "சி.எஸ்.ஆர். கொடுங்க" என்று கேட்காதீர்கள். புகார் ரசீதான அது தமிழ்நாட்டு ஸ்டேஷன் வழக்கம். இங்கே புகாரின் நகலில் சீல், தேதி, வாங்கியவர் கையெழுத்து கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். போட மாட்டோம் என்றால் அதையே எழுத்தில் கேளுங்கள். கன்னடத்தில் "ஹிம்பரஹ" என்பார்கள், எண்டார்ஸ்மெண்ட். மறுப்பு எழுத்தில் இருந்தால் அடுத்த படி வேகமாக நகரும்.

அடுத்த படி: புதிய நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173(4)-இன் கீழ் புகாரை மேலதிகாரிக்கு எழுத்தில் அனுப்பலாம். சட்டத்தில் எஸ்.பி. என்று இருக்கும், பெங்களூரு நகருக்குள் அது உங்கள் டிவிஷனின் டி.சி.பி. (போலீஸ் துணை ஆணையர்). ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வையுங்கள், கூடவே ஈமெயிலும் போடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் 175(3)-இல் மாஜிஸ்திரேட்டிடம் விசாரணைக்கு உத்தரவு கேட்கலாம். அந்த மனுவோடு பிரமாணப் பத்திரம் கட்டாயம். முதலில் ஸ்டேஷன், பிறகு டி.சி.பி. என்று போனதற்கான தாள்களும் அதில் இருக்க வேண்டும். ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் மனு திரும்பி வரும்.

வாய்தா வரை காத்திருக்கத் தேவையே இல்லை. நடக்கும் வழக்கிலேயே உங்கள் வக்கீல் அட்வான்ஸ்மெண்ட் மனு போட்டுத் தேதியை முன்னுக்குக் கொண்டுவரலாம். கூடவே குடும்ப வன்முறைச் சட்டம் 19(7)-இல், உத்தரவை அமல்படுத்த உதவும்படி ஸ்டேஷன் அதிகாரிக்கே கோர்ட் உத்தரவிடக் கேட்கலாம். அந்தத் தாள் வந்த பிறகு ஸ்டேஷனில் பேசும் தொனியே வேறாக இருக்கும்.

நேரடியாக மாஜிஸ்திரேட்டிடமே தனிப் புகார் கொடுக்கவும் வழி உண்டு. ஆனால் 2024 ஜூலை 1-க்குப் பிறகு, தனிப் புகாரைக் கோர்ட் எடுத்துக்கொள்ளும் முன்பே எதிர்த்தரப்புக்குப் பேச வாய்ப்புத் தர வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 223-இல் சேர்த்துவிட்டார்கள். அதாவது நோட்டீஸ், அவர் வருகை, அவர் வக்கீல் கேட்கும் நேரம். அதனால் எஃப்.ஐ.ஆர். வழியை முதலில் முட்டிப் பார்ப்பது நல்லது.

---

ராத்திரி_டூட்டி பதில்:

இவ்வளவு பேப்பர் வேலை எதுக்கு? நம்ம பசங்க நாலு பேரை அனுப்பி ஒரு தடவை கண்டிச்சா தானா அடங்கிடுவார்.

---

கோர்ட்ஹால்_ஏழு பதில்:

தயவுசெய்து வேண்டாம். மிரட்டல், கும்பலாக வந்தது என்று அவர் புகார் கொடுத்தால் தங்கையின் அண்ணன் தம்பிகள்தான் குற்றவாளிக் கூண்டில் நிற்பார்கள். பிறகு இரண்டு பக்கமும் "வாபஸ் வாங்கு, நானும் வாங்குகிறேன்" என்ற பேரத்தில் பாதுகாப்பு உத்தரவும் சேர்ந்து போய்விடும்.

---

பூட்டுசாவி பதில்:

ஆதாரம் பற்றி மட்டும் சொல்றேன், சட்டம் மேலே சொல்லிட்டாங்க.

1 ரூபாய் மெசேஜ் கண்டிப்பா கணக்கில் வரும். சொல்லப்போனா வாட்ஸ்அப்பைவிட இது பலமான ஆதாரம். வாட்ஸ்அப் நம்பர் யாருடையதுன்னு நிரூபிக்கணும்; யுபிஐயில் அனுப்பினவர் வங்கிக் கணக்கே பேசுது. ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து, தேதி, நேரம், பரிவர்த்தனைக்கான யுடிஆர் நம்பர், அனுப்பியவர் பெயர், குறிப்பு எல்லாம் ஒரே திரையில் தெரியுற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. அப்புறம் அந்த மாச பேங்க் ஸ்டேட்மெண்ட்டையும் பிடிஎஃபா இறக்கி வைங்க. பணத்தைத் திருப்பி அனுப்பாதீங்க, அதுவும் ஒரு தொடர்பு மாதிரி ஆயிடும்.

வாட்ஸ்அப்புக்கு: வெட்டின ஸ்க்ரீன்ஷாட் உதவாது. மேலே நம்பர், தேதி தெரியணும். சேமிச்ச பெயர் மட்டும் தெரிஞ்சா "யாரோ ஒருத்தருக்கு என் பேரைப் போட்டு வெச்சிருக்காங்க"ன்னு சொல்வாங்க. காண்டாக்ட் பக்கத்தைத் திறந்து நம்பர் தெரிய இன்னொரு படம். பிறகு "எக்ஸ்போர்ட் சாட்" கொடுத்து, மீடியாவோட, தங்கையோட சொந்த ஈமெயிலுக்கே அனுப்பிக்கோங்க. மறையுற மெசேஜ் ஆன் பண்ணி அனுப்பறார்னா இன்னொரு போனை வெச்சு வீடியோ எடுங்க. அக்கா போனுக்கு பார்வர்ட் பண்ணி அங்கிருந்து பிரிண்ட் எடுக்காதீங்க. எந்தப் போனில் வந்துச்சோ அந்தப் போன்தான் ஆதாரம். எக்ஸ்சேஞ்ச் ஆஃபர்னு அதைக் கொடுத்துடாதீங்க, ரீசெட்டும் பண்ணாதீங்க.

பிளாக் பண்றதைப் பத்தி: மனசு தாங்கும்னா மியூட் பண்ணி ஆர்க்கைவ்ல போடுங்க, பதில் போடாதீங்க. பிளாக் பண்ணினா அவர் வேற வழி தேடுவார், அதை நீங்க ஏற்கெனவே பார்த்துட்டீங்க. தாங்கலைன்னா பிளாக் பண்ணிடுங்க, அது தங்கை முடிவு. ஆனா அதுக்கு முன்னாடி எல்லாத்தையும் எடுத்து வெச்சுக்கணும்.

கேட் சிசிடிவி ரொம்ப அவசரம். பல அபார்ட்மெண்ட்ல பதினஞ்சு, முப்பது நாள்ல பழைய பதிவு மேலேயே புதுசு பதிஞ்சிடும். ஞாயித்துக்கிழமை நடந்ததுன்னா இன்னைக்கே அசோசியேஷன் செகரட்டரிக்கு ஈமெயில்: தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எந்த கேட், "அழியாம எடுத்து வைக்கவும், போலீஸ் கேட்டா கொடுக்கவும்". நகலை உங்க கையில் கொடுக்க மாட்டேன்னு சொல்லலாம், அதுக்காகச் சண்டை போட வேண்டாம். பாதுகாத்து வெச்சா போதும், விசாரணை அதிகாரி பி.என்.எஸ்.எஸ். 94-இல் நோட்டீஸ் கொடுத்து வாங்கிக்குவார். விசிட்டர் ரிஜிஸ்டர் இல்ல கேட் ஆப்பில் அந்த நேரத்துப் பதிவு இருந்தா அதையும் படம் எடுங்க. டூட்டியில் இருந்த செக்யூரிட்டி பேரைக் குறிச்சு வைங்க. அவங்க ஏஜென்சி மாறிப் போயிட்டா அப்புறம் கண்டுபிடிக்க முடியாது.

சாட்சியச் சட்டம் இப்ப பி.எஸ்.ஏ. மின்னணு ஆதாரத்துக்கு அதில் 63-ஆவது பிரிவு சர்டிபிகேட் வேணும். பழைய சாட்சியச் சட்டத்து 65பி-யோட இடத்தில் வந்தது, ஆனா இப்ப ரெண்டு பகுதி. ஏ பகுதி போன் யாருடையதோ அவங்க கையெழுத்து, பி பகுதி நிபுணர் கையெழுத்து. கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாறலைன்னு காட்டுற குறியீடு) எழுதணும். அதனால கோப்பை எடுத்த அன்னைக்கே ஹாஷ் போட்டு, பென்டிரைவில் வெச்சு, அதுக்கப்புறம் பேரை மாத்தறது, பிரைட்னஸ் ஏத்தறதுன்னு எதையும் தொடாதீங்க. பேர் மாத்தினா ஹாஷ் மாறாது, ஆனா எந்தக் கோப்பு எதுன்னு நாமளே குழம்பிடுவோம். படத்தைத் திருத்தினா ஹாஷே மாறிடும். எஃப்.ஐ.ஆர். போட இந்த சர்டிபிகேட் தேவையில்லை. "சர்டிபிகேட் கொண்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்"னு ஸ்டேஷன்ல சொன்னா நம்பாதீங்க.

இன்னும் ஒண்ணு. அவர் வர்ற நேரம் எப்பவும் சரியா தங்கை வீட்ல இருக்கற நேரமா? அப்படின்னா கூகுள் கணக்கில் எந்தெந்த சாதனம் லாக்-இன் ஆகியிருக்குன்னு பாருங்க. பழைய டேப்லட், குழந்தையோட ஆன்லைன் கிளாஸ் போன், குடும்ப பிளான்ல லொக்கேஷன் ஷேரிங், கார் ஃபாஸ்டேக் யாரு நம்பரில் இருக்குன்னு எல்லாம் பாருங்க. டோல் தாண்டினா மெசேஜ் அவருக்குப் போகும்.

---

பெரியவள் எழுதியது:

ரொம்ப நன்றி. சிசிடிவிக்கு இப்போதுதான் ஈமெயில் போட்டேன். உத்தரவை மறுபடி எடுத்துப் படித்தேன். "அடுத்த விசாரணை தேதி வரை" என்று இருக்கிறது. போன வாய்தாவில் ஜட்ஜ் லீவு, தேதி மட்டும் தள்ளிப் போட்டார்கள். இது பிரச்சினையா? மாமியார் விஷயமும் சொல்லவில்லையே.

---

கோர்ட்ஹால்_ஏழு பதில்:

பிரச்சினைதான், நல்லவேளை கேட்டீர்கள். குடும்ப வன்முறைச் சட்டம் 18-ஆவது பிரிவில் கொடுத்த பாதுகாப்பு உத்தரவு, பாதிக்கப்பட்டவரே விலக்கச் சொல்லும் வரை நிற்கும் என்று 25(1) சொல்கிறது. ஆனால் இடைக்கால உத்தரவில் கோர்ட்டே ஒரு தேதி போட்டிருந்தால், அந்தத் தேதிக்குப் பிறகு நடந்தவை மீறலே அல்ல என்று எதிர்த்தரப்பு வாதாடும். எஃப்.ஐ.ஆரை ரத்து செய்ய உயர் நீதிமன்றத்துக்குப் போகும்போது முதல் ஆயுதம் இதுதான்.

ஈகோர்ட்ஸ் ஆப்பில் சி.என்.ஆர். என்ற 16 இலக்க வழக்கு எண்ணைப் போட்டு அந்த நாளின் பதிவைப் பாருங்கள். பிறகு கோர்ட்டில் ஆர்டர் ஷீட்டையே பார்த்துவிடச் சொல்லுங்கள், ஆப்பில் எல்லாம் ஏறியிருக்காது. "இடைக்கால உத்தரவு நீட்டிக்கப்பட்டது" என்ற ஒரு வரி இருந்தால் கவலையில்லை, அந்தப் பக்கத்துக்கும் சர்டிஃபைட் காப்பி வாங்குங்கள். இல்லையென்றால் நாளைக்கே அட்வான்ஸ்மெண்ட் மனுவோடு நீட்டிப்பு மனு. அதிலேயே "மறு உத்தரவு வரும் வரை" என்று மாற்றித் தரக் கேளுங்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் இந்தத் தலைவலி வேண்டாம்.

இன்னொரு ஓட்டை, உத்தரவு அவர் கைக்குப் போனதா என்பது. அவருக்குத் தெரியாத உத்தரவை அவர் மீறியதாகச் சொல்ல முடியாது. நோட்டீஸ் சார்பு ஆன அறிக்கை, அவர் வக்கீல் வகாலத்து போட்ட தேதி, அவர் கோர்ட்டில் ஆஜரான நாள், இதில் ஏதாவது ஒன்று பைலில் இருக்கும். அதன் நகலையும் புகாரோடு வையுங்கள். தங்கையே உத்தரவை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம், உரையாடல் தொடங்கிவிடும். இந்தச் சட்டத்தின் கீழ் அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலர் வழியாகவோ ஸ்டேஷன் வழியாகவோ போகட்டும்.

மாமியார்: அவரும் வழக்கில் எதிர்மனுதாரராக இருந்து, உத்தரவு அவரையும் கட்டுப்படுத்தினால் அவர் மேலும் 31 பாயும். 2016-இல் உச்ச நீதிமன்றம் எதிர்மனுதாரர் என்ற சொல்லின் பொருளிலிருந்து "வயது வந்த ஆண்" என்பதை நீக்கிவிட்டது, அதனால் பெண் என்பது தடையில்லை. அவர் வழக்கிலேயே இல்லை என்றால் சற்றுக் கடினம். விதி 15(7), எதிர்மனுதாரர் சார்பில் வேறொருவர் உத்தரவு அமலாவதைத் தடுத்தாலும் மீறலாகக் கருதுகிறது. ஆனால் "எப்படிம்மா இருக்கே, குழந்தை சாப்பிட்டதா" என்ற போனை அதற்குள் அடக்குவது கஷ்டம். "கேஸை வாபஸ் வாங்கு, இல்லைன்னா அவன் சும்மா இருக்க மாட்டான்" என்றால் வேறு கதை. 25(2)-இல் சூழ்நிலை மாறியதைக் காட்டி உத்தரவைத் திருத்தக் கேட்கலாம்: "நேரடியாகவோ உறவினர், நண்பர் மூலமாகவோ", "வீட்டு வளாகத்துக்கும் கேட்டுக்கும் வரக் கூடாது", "பணப் பரிமாற்றக் குறிப்பு உட்பட எந்த மின்னணு வழியிலும்". உங்கள் உத்தரவில் ஆபீசும் ஸ்கூலும் இருக்கின்றன, வீடு இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. கேட்டில் வந்து நின்றது "தொடர்பு கொள்ள முயன்றது" என்ற வகையில் வரும். ஆனாலும் வீடு என்ற சொல் உத்தரவில் இருந்தால் யாரும் வாதாட முடியாது.

கைது பற்றி ஒரு வார்த்தை. நான்-பெயிலபிள் என்றால் அன்றைக்கே தூக்கி உள்ளே வைப்பார்கள் என்று நினைக்காதீர்கள். ஏழு வருஷத்துக்கு உட்பட்ட தண்டனை என்பதால் பெரும்பாலும் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ்தான் கொடுப்பார்கள், பழைய 41ஏ, இப்போது பி.என்.எஸ்.எஸ். 35(3). கைது ஏன் தேவை என்று அதிகாரி காரணம் எழுத வேண்டும்: மீண்டும் குற்றம் செய்வார், சாட்சியை மிரட்டுவார், ஆதாரத்தை அழிப்பார். இந்தக் காரணங்களுக்கான உண்மைகள் உங்கள் புகாரில் இருந்தால்தான் அவர் எழுத முடியும். மூன்று வாரத்தில் எத்தனை முறை, பிளாக் செய்த பிறகு எப்படி வழி மாற்றினார், என்னவென்று மிரட்டினார் என்பதைத் தேதி வரிசையில் போடுங்கள். அவர் கைதாகி ஜாமீன் கேட்டால், போன் செய்யக் கூடாது, வீட்டுப் பக்கமும் அவள் போகும் இடங்களுக்கும் வரக் கூடாது, குடிக்கக் கூடாது என்றெல்லாம் நிபந்தனை போட விதி 15(9) இடம் தருகிறது. வக்கீல் அல்லது அரசு வழக்கறிஞர் அதைக் கேட்க வேண்டும், தானாக வராது.

அடித்தால், கதவை உடைத்து நுழைந்தால், கொன்றுவிடுவேன் என்றால் அவை தனிக் குற்றங்கள். புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 115(2), 329, 351, பின்தொடர்வதற்கு 78, கொடுமைக்கு 85. 31-ஐ மட்டும் போட்டு இவற்றை விட்டுவிடுவதும் நடக்கும், இவற்றை மட்டும் போட்டு 31-ஐ விட்டுவிடுவது அதைவிட அதிகம் நடக்கும். இரண்டும் வேண்டும்.

ஜீவனாம்சம் கட்டாததை இந்தப் புகாரில் கலக்காதீர்கள். அது 31-க்குள் வருமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. பண வசூலுக்குத் தனி மனு போடுங்கள்.

---

சாந்தி_ஒயிட்ஃபீல்டு பதில்:

அக்கா, ஆபத்து கண்முன்னே இருக்கும்போது ஆதாரம், பிரிவு எண் எதுவும் யோசிக்க வேண்டாம். கதவைத் தாழ்போட்டு 112. ஹொய்சளா என்ற போலீஸ் ரோந்து வண்டி வரும். "கணவர் சண்டை போடுகிறார்" என்று சொன்னால் ஒரு மாதிரி எடுத்துக்கொள்வார்கள். "கோர்ட் உத்தரவு இருக்கிறது, அதை மீறி வாசலில் நிற்கிறார்" என்று சொல்லச் சொல்லுங்கள். வந்த வண்டி நம்பர், நேரம், அதிகாரி பெயர் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் விரட்டிவிட்டுப் போய்விட்டாலும் மறுநாள் எழுத்துப் புகார் கொடுத்தே ஆக வேண்டும். போன் பண்ணியதே புகார் ஆகிவிடாது.

காயம் இருந்தால் அரசு மருத்துவமனை, விக்டோரியாவோ பௌரிங்கோ எது பக்கமோ அங்கே. "வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லாமல் யார் அடித்தது என்று சொல்லி எம்.எல்.சி. (போலீஸ் வழக்குக்கான மருத்துவப் பதிவு) பதிவு செய்யச் சொல்ல வேண்டும். தனியார் கிளினிக்கில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தால் அந்தச் சீட்டில் காரணம் இருக்காது.

பாதுகாப்பு அலுவலரை மறந்துவிட்டோம். கர்நாடகாவில் பெண்கள் குழந்தைகள் நலத்துறையின் சி.டி.பி.ஓ.க்கள்தான் (குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர்கள்) இந்தப் பொறுப்பில் இருப்பவர்கள். தனியாகப் பாதுகாப்பு அலுவலர் என்று போர்டு தேடினால் கிடைக்காது. விதி 15-இன்படி மீறலை எழுதிக் கையெழுத்திட்டு அவரிடம் கொடுத்தால், உத்தரவின் நகலோடு அதை மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டியது அவர் கடமை. தங்கை உதவி கேட்டால் போலீஸ் துணையோடு மீட்கவும் வேண்டும். கோர்ட் சொன்ன கடமையை முறையான காரணமில்லாமல் செய்யாவிட்டால் அவருக்கே 33-ஆவது பிரிவில் தண்டனை உண்டு. மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை, ரசீது வாங்காமல் வராதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். அவர்கள் கையில் அங்கன்வாடி வேலையும் இருக்கிறது, நேரில் போகும் முன் போன் செய்து நேரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வக்கீல் செலவு இடிக்கிறது என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணையம், 15100. பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. பெண்கள் உதவிக்கு 181.

ஸ்கூல்: உத்தரவின் நகலைப் பிரின்சிபாலிடம் கொடுத்து கையெழுத்து வாங்குங்கள், கேட்டில் இருப்பவரிடம் அவர் போட்டோவைக் காட்டுங்கள், குழந்தையை யார் யார் கூட்டிப் போகலாம் என்று பெயர் எழுதிக் கொடுங்கள். ஸ்கூல் வேன் டிரைவருக்கும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அவரை மறந்துவிடுவோம். ஆபீசில் எச்.ஆரை விட ரிசப்ஷனிலும் செக்யூரிட்டியிலும் தெரிந்திருப்பதுதான் முக்கியம்.

அவர் குழந்தையைப் பார்க்க கோர்ட் நேரம் ஒதுக்கியிருந்தால், மீறல் பெரும்பாலும் அந்த ஒப்படைக்கும் இடத்தில்தான் நடக்கும். தங்கை போக வேண்டாம், நீங்களோ வேறு ஒருவரோ போங்கள். அந்த ஏற்பாட்டையும் கோர்ட்டில் எழுத வைத்துவிடுங்கள்.

தங்கை இரக்கப்பட்டு ஒரு நாள் அவர் போனை எடுத்துவிட்டால் உத்தரவு செத்துவிடாது. தடை அவருக்குத்தான். ஆனால் அந்த ஒரு அழைப்பைத்தான் கோர்ட்டில் பத்து முறை காட்டுவார்கள். அவளைத் திட்டாதீர்கள், நடந்ததை வக்கீலிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

---

பெரியவள் எழுதியது:

இரண்டு சின்னக் கேள்வி. பொங்கலுக்கு வேலூர் பக்கம் ஊருக்குப் போகிறோம். அங்கே வந்தால்? அப்புறம் முதல் வாட்ஸ்அப் வந்தபோது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, இப்போது சொன்னால் "ஏன் அப்பவே சொல்லலை" என்பார்களா? எங்கள் இருவருக்கும் கன்னடம் பேச வரும், எழுத வராது.

---

கோர்ட்ஹால்_ஏழு பதில்:

பெங்களூரு கோர்ட் உத்தரவு இந்தியா முழுக்கச் செல்லும், பிரிவு 27(2). அங்கே வந்தால் அங்கேயே பக்கத்து ஸ்டேஷனில் கொடுங்கள். குற்றம் எந்த எல்லையில் நடந்தது என்று சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது, பி.என்.எஸ்.எஸ். 173-இல் ஜீரோ எஃப்.ஐ.ஆருக்கு இடம் இருக்கிறது. அசல் உத்தரவை இங்கே வைத்துவிட்டு, சர்டிஃபைட் காப்பி ஒன்றைப் பையில் எடுத்துப் போங்கள்.

தாமதம் பற்றி: மூன்று வாரம் ஒன்றுமே இல்லை. ஒரு வருஷ தண்டனைக் குற்றத்துக்குக் காலவரம்பும் ஒரு வருஷம், பி.என்.எஸ்.எஸ். 514. உத்தரவு வாங்கிய நாளிலிருந்து அல்ல, மீறல் நடந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. முதல் வாட்ஸ்அப்பையும் பட்டியலில் முதல் வரியாகப் போடுங்கள். 32(2)-இல் இன்னொரு வசதி, பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் ஒன்றை மட்டும் வைத்தே குற்றம் நடந்தது என்று கோர்ட் முடிவுக்கு வரலாம். அதனால் தேதி நேரம் முன்பின் முரணாக இருக்கக் கூடாது. ஸ்டேஷன் புகார், டி.சி.பி.க்கு அனுப்பியது, பாதுகாப்பு அலுவலருக்குக் கொடுத்தது மூன்றிலும் ஒரே பட்டியல் இருக்கட்டும்.

புகாரை ஆங்கிலத்திலேயே கொடுக்கலாம். எஃப்.ஐ.ஆர். கன்னடத்தில் வரும். கையெழுத்துப் போடும் முன் படித்துக் காட்டச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. காதில் வாங்க வேண்டியவை: 31, 32 என்ற எண்கள் இருக்கின்றனவா, ஒவ்வொரு மீறலின் தேதியும் நேரமும் ஏறியிருக்கின்றனவா, அவருடைய இப்போதைய முகவரி சரியா. பழைய வீட்டு முகவரியைப் போட்டுவிட்டால் நோட்டீஸ் அங்கே போய்த் திரும்பி வரும், இரண்டு மாதம் அதிலேயே ஓடும். நகல் இலவசம், கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள்.